சீல் உடையாத இருபத்து நான்கு கார்டுகள்

பெட்டியின் சீலை உடைக்காமல் உள்ளே இருக்கிற பொருளைச் சோதிக்க முடியாது. இதைச் சொல்ல இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இன்ஜினியரிங் படித்த நான், சீல் உடையாத இருபத்து நான்கு பெட்டிகளுக்கு 'சோதித்தேன், சரியாக இருக்கிறது' என்று இருபத்து நான்கு தாள்களில் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒன்பது பொய் என்று தெரியவந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். மற்ற பதினைந்தும் பொய்தான். கார்டு நல்லதாக இருந்துவிட்டது, அவ்வளவே.

நான் வேலை பார்ப்பது எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கியடிக்கும் எஸ்.பி. ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில், கிளெமென்ட் சாரின் கடையில். விவேக் நகர்க்காரர். கல்லூரிகளுக்கும் சின்ன ஆபீஸ்களுக்கும் கம்ப்யூட்டர் சப்ளை செய்வதுதான் தொழில். எனக்குப் பதவி டெஸ்ட் இன்ஜினியர். ஆறு மாத புரொபேஷன். அந்த மாதம் முப்பதாம் தேதி அது முடிந்து கன்ஃபர்மேஷன் கடிதம் வர வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்தக் கடிதத்துக்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அப்பா கோவிந்தராஜன் ஸ்ரீராம்புரத்தில் பதினெட்டு வருடம் கான்ட்ராக்டில் தெரு பெருக்கி, அதற்கப்புறம்தான் பர்மனென்ட் ஆனார். 'பர்மனென்ட்' என்பது எங்கள் வீட்டில் சாமி பெயர் மாதிரி. நான் பர்மனென்ட் ஆகிவிட்டேனா என்று முதல் மாதமே பக்கத்து வீட்டில் கேட்க, அம்மா ஆகிவிட்டது என்றே சொல்லி வைத்திருந்தாள். 

இப்போது அந்தக் கையெழுத்துகள் எப்படி வந்தன என்று சொல்கிறேன்.

ஆனேக்கல் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. புதிதாக ஏஐ லேப் தொடங்குகிறார்கள். இருபத்து நான்கு கம்ப்யூட்டர், ஒவ்வொன்றுக்கும் எட்டு ஜிபி நினைவகம் கொண்ட கிராபிக்ஸ் கார்டு ஒன்று. ஆர்டரில் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, கார்டுகள் கம்பெனி சீல் உடையாத பெட்டியில் வர வேண்டும். இரண்டு, ஒவ்வொரு கார்டுக்கும் சீரியல் நம்பர் போட்டு டெஸ்ட் ரிப்போர்ட் தர வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் சிரிப்பு வரவேண்டும். யாரும் சிரிக்கவில்லை. எல்லாக் கல்லூரியும் இப்படித்தான் கேட்கிறது, எல்லாக் கடையும் இப்படித்தான் கொடுக்கிறது.

செய்முறை எளிது. மொத்த வியாபாரி முதலில் ஒரே ஒரு கார்டு சாம்பிள் அனுப்புவார். அதை நான் முழுதாகச் சோதிப்பேன். பிறகு பெட்டிகள் வந்து இறங்கும். பெட்டிக்கு வெளியே ஸ்டிக்கரில் சீரியல் நம்பர் இருக்கும். சாம்பிளின் ரிப்போர்ட்டைக் காப்பி செய்து, நம்பரை மட்டும் மாற்றி, அச்செடுத்து, கையெழுத்து. இருபத்து நான்கு தாளுக்கும் நாற்பது நிமிடம் ஆனது. அதில் பாதி நேரம் பிரிண்டர் மக்கர்.

முதல் தாளில் கையெழுத்துப் போடும்போது எனக்குக் கை கூசியது என்று எழுத ஆசைதான். கூசவில்லை. 'டெஸ்டட் பை: தர்ஷினி ஜி., பி.இ.' என்று அச்சில் பார்க்க நன்றாக இருந்தது. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

ஒரு புதன்கிழமை காலை கடை வேனில் ஆனேக்கல் போனோம். வண்டி ஓட்டியது ஜாய்சன். மாட்டுகிற வேலை எல்லாம் அவன்தான். கிளெமென்ட் சாரை அவனுக்குச் சர்ச்சில் பழக்கம், அதனால் அங்கிள் என்றே கூப்பிடுவான். லேப்பில் எங்களுக்காகக் காத்திருந்தவர் உஷா மேடம், லேப் இன்சார்ஜ், ஒசூர்க்காரர். அடுத்த நாள் இன்ஸ்பெக்ஷன் கமிட்டி வருகிறது என்று அவருக்கு ஒரே படபடப்பு. ஒவ்வொரு பெட்டியையும் வாங்கிச் சீலை நகத்தால் தடவிப் பார்த்தார். சீரியல் நம்பரை என் ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டார். டிக் போட்டார். ஸ்டாக் ரெஜிஸ்டரில் இருபத்து நான்கு என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். அதன் பிறகுதான் பெட்டியைக் கிழிக்க ஜாய்சனை விட்டார்.

பதினொன்றரைக்குள் மாட்டி முடித்தோம். திரையில் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே கார்டு பெயரையும் எட்டு ஜிபி என்பதையும் காட்டின. என் பையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. சாம்பிளைச் சோதிக்க நான் எழுதிய நிரல் அதில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. ரிப்போர்ட் கொடுத்தாயிற்று, இனி எதற்கு என்றுதான் நினைத்தேன்.

உஷா மேடம் கமிட்டிக்குக் காட்டப்போகிற டெமோவை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார். எழுத்தில் கேட்டதைப் படமாக வரைந்து தருகிற புரோகிராம். முதல் ஆறு கம்ப்யூட்டரில் ஓடியது. ஏழாவதில் பாதிப் படத்தில் திரை பச்சைக் கோடுகளாகி நின்றுவிட்டது.

டிரைவர் சாஃப்ட்வேர் பிரச்சினை என்றான் ஜாய்சன். அவனுக்கு எல்லாமே டிரைவர் பிரச்சினைதான். டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டோம். அதே கோடு. பக்கத்துக் கம்ப்யூட்டர் கார்டை இதில் மாட்டி, இதன் கார்டை அதில் மாட்டினேன். கோடு கார்டோடு இடம் மாறிப் போனது. அப்போதுதான் பென் டிரைவை எடுத்தேன்.

விளம்பரத்தில் சொன்ன கார்டுதானா என்று பார்க்க ஊரில் எல்லோரும் ஒரு இலவச மென்பொருளை ஓட்டுகிறார்கள். அது எண்ணிப் பார்க்கிறது என்று நம்புகிறார்கள். பாதிக்கு மேல் அது எதையும் எண்ணுவதில்லை. கார்டிடம் உன் பெயர் என்ன என்று கேட்கும். கார்டு சொல்லும். அந்தப் பெயருக்கு எதிரே தன்னிடம் இருக்கிற பட்டியலைப் படித்துக் காட்டும். கார்டுக்குள் பெயர் எழுதியிருக்கிற இடத்தையே ஒருவன் மாற்றி எழுதிவிட்டால், நாலு ஜிபி கார்டு எட்டு ஜிபி என்று கூசாமல் சொல்லும்.

என் நிரல் பெயரைக் கேட்காது. நினைவகத்தை ஒரு எம்பி அளவுத் துண்டுகளாகப் பிரித்து, முதல் துண்டில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு என்று கடைசிவரை எழுதும். பிறகு முதலிலிருந்து திரும்பப் படிக்கும். எழுதியதே வந்தால் இடம் இருக்கிறது.

ஏழாவது கார்டில் பாதி எழுதியதுமே திரை தடுமாறியது. படிக்கும்போது, ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் நாலாயிரத்துச் சொச்சம் நம்பர் வந்தது. நாலு ஜிபி தாண்டியதும் புது இடம் இல்லாமல், பழைய இடத்தின் மேலேயே எழுதியிருக்கிறது.

ஜாய்சனுக்கு இதை விளக்கினேன். அவன் கொஞ்சம் யோசித்தான்.

"எங்க மாமா வீட்டு லீஸு மாதிரி," என்றான். "ஒரே வீட்ட ரெண்டு பேருக்கு லீஸுக்கு வுட்டுட்டாரு. ரெண்டாவது ஆளு சாமான எறக்குற வரிக்கும் மொத ஆளுக்குத் தெரியாது."

இதைவிடச் சரியாக நான் படித்த எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

நிரலை இருபத்து நான்கு கம்ப்யூட்டரிலும் காப்பி செய்து ஒரே நேரத்தில் ஓட்டினேன். மொத்தம் கால் மணி நேரம்தான் ஆனது. இதைக் கடையிலேயே செய்திருந்தால், பெட்டி பிரித்து, மாட்டிக் கழற்றி, இரண்டு நாள் ஆகியிருக்கும். இரண்டு நாள் என்னிடம் இருந்தது. ஒன்பது கார்டு போலி. அவற்றின் விசிறிக் கவசத்தைக் கழற்றிப் பார்த்தேன். கவசம் புதுசு. உள்ளே சிப்பைச் சுற்றிப் பழைய பசை, காய்ந்து பழுப்பாகி. எங்கேயோ வருடக்கணக்கில் உழைத்த கார்டுக்குப் புதுச் சட்டை, புதுப் பெயர், புதுச் சீல். சீல் மட்டும் அவ்வளவு நேர்த்தி.

சாப்பாட்டு நேரம், உஷா மேடமும் டிபன் பாக்ஸோடு வெளியே போயிருந்தார். லேப் காலி. நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து என் கல்லூரியை நினைத்துக்கொண்டேன். ஆசையாக இல்லை. எங்கள் லேப்பில் ஒவ்வொரு கேபினெட்டிலும் ரேம் எட்டு ஜிபி என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஒரு புரோகிராம் ஓட்ட அரை மணி நேரம் ஆகும். நாங்கள் எல்லோரும் எங்களுக்குத்தான் புரோகிராம் எழுத வரவில்லை என்று நம்பினோம். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் சீக்கிரம் முடித்துவிடுவார்கள், அவர்களுக்கு மூளை அதிகம் என்று நினைத்தோம். மூன்றாம் வருடம் ஒரு கேபினெட்டைத் திறந்தேன். உள்ளே இரண்டு ஜிபி. முதல் இன்டர்வியூவில், இவ்வளவு பெரிய டேட்டாவை நீ ஓட்டியதே இல்லையா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். வேலை கிடைக்கவில்லை. எங்கள் லேப்புக்கும் யாரோ ஒருவர் 'சோதித்தேன், சரி' என்று கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த ஆளை நான் மூன்று வருடம் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். பெயர் தெரியாமலே.

இங்கே பெயர் தெரியும். அச்சில் இருக்கிறது. பி.இ. வேறு.

கிளெமென்ட் சாருக்கு போன் செய்தேன். ஒன்பது என்றேன். அவர் அந்த மொத்த வியாபாரியைக் கன்னடத்தில் இரண்டு வார்த்தை திட்டினார். அவரும் ஏமாந்தவர்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அடுத்த நிமிடமே அவரிடம் திட்டம் தயார். நல்ல பதினைந்தையும் முன் வரிசைகளில் வை. டெமோவை அதில் மட்டும் ஓட்டச் சொல். பின் வரிசை ஒன்பதையும் சும்மா திரை எரிய விடு. மேடத்திடம் இன்ஸ்டலேஷன் முடிந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வா. ஒரு மாதத்தில் சத்தமில்லாமல் ஒன்பதையும் மாற்றிவிடலாம்.

அந்த ஆள் மாற்றித் தராவிட்டால் என்று கேட்டேன். அப்போது பார்த்துக்கொள்வோம் என்றார். அதுவரை பின் வரிசையில் உட்காருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். பின் வரிசையில் யார் உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியும், நான் உட்கார்ந்திருக்கிறேன். அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "எழுது. தாராளமா எழுது," என்றார். "ஆனா ஒண்ணு யோசிச்சுக்கோம்மா. அந்த இருபத்திநாலு ரிப்போர்ட்ல யார் கையெழுத்து இருக்குது? என்னுதா?"

போனை வைத்துவிட்டார்.

இந்த ஆறு மாதத்தில் அந்தத் தாள்களில் ஏன் கடை முத்திரைக்கு மேலே என் பெயர் இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. மரியாதை என்று நினைத்திருந்தேன்.

உஷா மேடம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. டிபன் பாக்ஸைத் திறக்காமல் கையில் வைத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஏழாவது கார்டில் நிரலை ஓட்டியும் காட்டினேன்.

"நீ போட்ட கையெழுத்த நம்பித்தாம்மா நான் ரெஜிஸ்டர்ல போட்டேன்," என்றார்.

"நீங்க சீல் உடையக்கூடாதுன்னு கேட்டீங்க மேடம். அதனாலதான் நான் தொறக்கல."

"நான் எங்கம்மா கேட்டேன்? எனக்கு முன்னாடி இருந்தவரு எழுதி வெச்ச கண்டிஷன். பழைய ஆர்டர எடுத்து, தேதிய மாத்தி அனுப்பினோம்."

"சாம்பிள் ரிப்போர்ட்ட எடுத்து நான் நம்பர மாத்தின மாதிரி."

அவருக்குக் கோபம் வந்தது. எனக்கு அவர் மேல் ஏற்கெனவே இருந்தது. சீலை நகத்தால் தடவிய நேரத்தில் ஒரு கார்டை ஓட்டிப் பார்த்திருக்கலாமே என்று கேட்டே விட்டேன். ஜாய்சன் இடையில் வந்து, விடு தர்ஷினி, ஹோக்லி பிடு, போனால் போகட்டும் என்று இழுத்தான். உஷா மேடம் டிபன் பாக்ஸை மேசை மேல் வைத்தார். தானும் கான்ட்ராக்ட்தான் என்றார். ஒன்பது வருடமாக, ஒவ்வொரு ஜூனிலும் புதுசாக எழுதித் தருகிறார்களாம். நாளைக்குக் கமிட்டி முன்னால் இது வந்தால் இந்த ஜூனில் எழுத மாட்டார்கள் என்றார். இதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, பின் வரிசையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் விட்டுவிடவும் மனம் இல்லை.

என் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார், அதுவும் என் பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் போடுவதற்காகப் பழகியது. கான்ட்ராக்டர் நீட்டிய தாளில் எல்லாம் போட்டிருக்கிறார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் அடுத்த நாள் வேலை இருக்காது. அப்படி ஒரு தாளில், தனக்குச் சேர வேண்டியது எதுவும் பாக்கி இல்லை என்று தானே எழுதிக் கொடுத்ததாக இருந்தது என்பது பல வருடம் கழித்து நான் படித்துச் சொன்னபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் வீட்டில் போட்ட சத்தத்துக்கு அக்கம்பக்கமே எட்டிப் பார்த்தது. படிக்கத் தெரியாமல் ஏன் போட்டாய் என்று கத்தினேன். எனக்குப் படிக்கத் தெரியும்.

உஷா மேடத்திடம் நாலு வெள்ளைத் தாள் கேட்டேன். கொடுத்தார்.

முதல் வரியில், நான் ஏற்கெனவே கொடுத்த இருபத்து நான்கு ரிப்போர்ட்டுகளும் கார்டுகளைப் பார்க்காமல், ஒரு சாம்பிளின் முடிவைக் காப்பி செய்து எழுதப்பட்டவை என்று எழுதினேன். அதன் கீழே இருபத்து நான்கு சீரியல் நம்பர். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கார்டு தன்னைப் பற்றிச் சொன்னது எவ்வளவு, நான் எழுதித் திரும்பப் படிக்க முடிந்தது எவ்வளவு. போலிக்கு எதிரே, கவசத்துக்கு உள்ளே என்ன பார்த்தேன் என்பதும். சோதித்த இடம் கல்லூரி லேப், நேரம் இது, உடன் இருந்தவர் ஜாய்சன்.

"என் பேர ஏன்டி போடற?" என்றான் ஜாய்சன்.

"நீ இருந்தல்ல?"

"இருந்தேன்."

"அப்புறம் என்னா?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு, ஸ்பெல்லிங் ஒழுங்கா போடு என்றான்.

தன் பெயரும் வர வேண்டுமா என்று உஷா மேடம் கேட்டார். நான் பார்த்ததை மட்டும்தான் எழுதுகிறேன், நீங்கள் பார்த்ததை நீங்கள்தான் எழுத வேண்டும் என்றேன். அவர் எதுவும் எழுதவில்லை. ஆனால் தாளை வாங்கி, பெற்றுக்கொண்டதற்கான இன்வர்ட் முத்திரை குத்தி, நேரம் போட்டு, ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை என்னிடம் கொடுத்தார். அந்த முத்திரையும் ஒரு வகையில் அவர் கையெழுத்துதான். அதைக் குத்தாமல் வைத்திருக்க அவருக்கு உரிமை இருந்தது.

நான் எழுதியதை போட்டோ எடுத்து கிளெமென்ட் சாருக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, படித்துவிட்டார். ஒன்பது கார்டையும் பெட்டியில் போட்டுக்கொண்டு திரும்பினோம். ஒசூர் ரோட்டில் டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் நின்றபோது ஜாய்சன் தன் மாமாவின் லீஸ் கதையை முழுதாகச் சொன்னான். கேஸ் இன்னும் நடக்கிறதாம்.

அடுத்த நாள் கமிட்டி வந்தது. பதினைந்து கம்ப்யூட்டர்தான் தயார் என்று கல்லூரி சொன்னது. கமிட்டி எழுதிக்கொண்டு போனது. வானம் இடிந்து விழவில்லை. உஷா மேடத்துக்கு ஒரு மெமோ வந்தது, அது எனக்கு ஜாய்சன் மூலம்தான் தெரியும். ஜூன் இன்னும் வரவில்லை.

மொத்த வியாபாரி முதலில் எல்லாம் நல்ல கார்டுதான், நீங்கள்தான் மாற்றி வைத்துவிட்டீர்கள் என்று சாதித்தான். கிளெமென்ட் சார் என் கையெழுத்துத் தாளின் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு அவன் குடோனுக்குப் போனார். சீரியல் நம்பர், நேரம், கல்லூரி முத்திரை எல்லாம் இருந்ததால் அவனால் பேச முடியவில்லை. மூன்று வாரத்தில் ஒன்பதும் மாறி வந்தது. இந்த முறை ஒவ்வொன்றாக ஓட்டினேன். சார் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பதாம் தேதி கடிதம் வரவில்லை. புரொபேஷன் மூன்று மாதம் நீட்டிப்பு என்று ஒரு வரி மெயில் வந்தது. வீட்டில் சொன்னேன். அம்மா, பக்கத்து வீட்டில் ஆகிவிட்டது என்றே சொல்லி வைத்திருக்கிறோம், இப்போது என்ன சொல்வது என்று கேட்டாள். அப்பா மட்டும், அந்தத் தாளில் என்ன எழுதினாய் என்று கேட்டார். படித்துக் காட்டினேன். சீரியல் நம்பர் உட்பட முழுதும் கேட்டார்.

போன வாரம் ஜெயநகரிலிருந்து ஒரு கோச்சிங் சென்டர் ஆர்டர் வந்தது. பத்து கார்டு. சீல் உடையாத பெட்டி, கூடவே டெஸ்ட் ரிப்போர்ட். பெட்டிகள் என் மேசைக்கு வந்தன. நான் பிளேடை எடுத்தேன்.

"சீல் போச்சுன்னா அவங்க எடுத்துக்க மாட்டாங்கம்மா," என்றார் கிளெமென்ட் சார்.

"அப்போ ரிப்போர்ட் வேணாம்னு எழுதி வாங்குங்க சார். தொறக்காம நான் போட மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த பிளேடைப் பார்த்தார். இவளை அனுப்பிவிடலாமா என்று ஒரு கணக்கு அவர் முகத்தில் ஓடியது, நானும் பார்த்தேன். பிறகு போனை எடுத்து அந்த சென்டர்காரரைக் கூப்பிட்டார். நலம் விசாரித்தார், மழையைப் பற்றிப் பேசினார், தொண்டையைச் செருமினார்.

"சீல் பேக்கா சார், ரிப்போர்ட் பேக்கா?" என்று கேட்டார். "எரடூ ஆகல்ல."

சீல் வேண்டுமா, ரிப்போர்ட் வேண்டுமா, இரண்டும் ஆகாது. இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவர் இதை யாரிடமும் கேட்டிருக்க மாட்டார். அந்தப் பக்கத்து ஆளையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் போல. சார் அதையே இன்னொரு முறை கேட்டார்.

நான் பிளேடைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.